வண்டி வாங்கும் உரிமைக்கு ஏலம்: சிங்கப்பூரின் ஐந்து பிரிவுகளும் அவற்றின் விலையும்

சிங்கப்பூரில் கார் பர்மிட்டுக்கு மட்டும் எண்பது லட்சம் ரூபாயாம் என்று ஒரு செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை சென்னைக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. அண்ணன் மகனோ மாப்பிள்ளையோ அங்கே வேலை பார்க்கும் வீடுகளில் இது உடனே பேச்சாகிவிடும். அது காரின் விலையா, வரியா, அரசு வைத்த கட்டணமா? ஏ, பி என்று ஏன் பிரித்திருக்கிறார்கள்? ஒரே நாளில் ஒன்றுக்கு விலை ஏறி இன்னொன்றுக்கு ஏன் இறங்குகிறது? சென்னையில் வாகன நெரிசலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'சிங்கப்பூர் மாதிரி செய்யலாம்' என்று யாராவது சொல்வதால், இதை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்வது நல்லது.

இந்தக் கட்டுரையில் 'வெள்ளி' என்றால் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்குக்கு ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தச் சான்றிதழ் எது?

வாகன உரிமைச் சான்றிதழ் என்பது அதன் பெயர். பேச்சில் சிஓஇ. சிங்கப்பூரில் புது வண்டியைப் பதிவு செய்ய இது கையில் இருக்க வேண்டும். 1990 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தை இப்போது நடத்துவது அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையம்.

இந்தச் சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். வண்டி நன்றாக ஓடினாலும், பத்தாவது ஆண்டு முடிந்ததும் உரிமையாளருக்கு இரண்டே வழி. ஒன்று, பதிவை நீக்கிவிட்டு வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கொடுக்கலாம். அல்லது, கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி இன்னும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது.

சான்றிதழ் வண்டியோடு ஒட்டிக்கொண்டது. பழைய காரை விற்றால் மீதிக் காலமும் சேர்ந்தே கைமாறும். அதனால்தான் அங்கே பழைய கார் விளம்பரங்களில் விலைக்குப் பக்கத்திலேயே, 'ஆண்டுக்கு இத்தனை வெள்ளி தேய்மானம்' என்ற கணக்கும் இருக்கும். பத்து ஆண்டு முடிவதற்குள் பதிவை நீக்கினால் பயன்படுத்தாத காலத்துக்கான பங்கு திரும்பக் கிடைக்கும். ஒரு லட்சம் வெள்ளிச் சான்றிதழ் என்றால் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 27 வெள்ளி, நம் பணத்தில் 1,750 ரூபாய்க்கு மேல். கார் வாசலில் சும்மா நின்றாலும் இந்தச் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

எத்தனை சான்றிதழ் என்பதை எது தீர்மானிக்கிறது?

விலையை அரசு வைப்பதில்லை, எண்ணிக்கையைத்தான் வைக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை இரண்டு வழியில் வருகிறது. பதிவு நீக்கப்பட்ட வண்டிகளின் இடத்துக்கு வரும் புதுச் சான்றிதழ்கள் முதல் வழி. மொத்த வண்டிகள் ஆண்டுக்கு எவ்வளவு கூடலாம் என்று அரசு அனுமதிக்கும் வளர்ச்சி விகிதம் இரண்டாவது வழி. இந்த விகிதம் தொடக்கத்தில் 3 சதவீதமாக இருந்தது. படிப்படியாகக் குறைந்து 2018 பிப்ரவரியிலிருந்து கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பூஜ்யம் ஆகிவிட்டது. அதாவது ஒரு கார் போனால்தான் இன்னொரு கார் வரலாம். நிலப்பரப்பில் சுமார் 12 சதவீதத்தைச் சாலைகளே எடுத்துக்கொண்டுவிட்டன என்பது அரசு சொல்லும் காரணம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. இன்றைய விலையில் பெரும்பகுதி பத்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 2004 முதல் 2008 வரை சான்றிதழ்கள் ஏராளம். அப்போது வாங்கிய கார்கள் பத்து வயதை எட்டிய 2014 முதல் 2018 வரை பதிவுநீக்கம் அதிகமாகி, புதுச் சான்றிதழ்களும் நிறைய வந்தன. 2018 கடைசியில் சிறிய காருக்கான சான்றிதழ் 25,000 வெள்ளி அளவுக்கு இறங்கியது. மாறாக, 2010களின் தொடக்கத்தில் எண்ணிக்கை சுருங்கியிருந்தது. அந்தப் பஞ்சம் பத்து ஆண்டு கழித்து 2020களில் திரும்பி வந்து விலையை உச்சத்துக்குத் தூக்கியது. மழை பொய்த்த ஆண்டின் கஷ்டம் அந்த ஆண்டோடு முடியாமல் அடுத்த ஆண்டின் விதைநெல்லிலும் தெரிவது போன்றது இது.

இந்த மேடுபள்ளத்தைச் சமன்செய்ய இப்போது சில மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். கடந்த நான்கு காலாண்டுகளின் பதிவுநீக்கச் சராசரியை வைத்து எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள். பின்னால் நிச்சயம் வரவிருக்கும் சான்றிதழ்களில் ஒரு பகுதியை 2023 முதல் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 சான்றிதழ்கள் வரை கூடுதலாக விடப்போவதாகவும் அறிவித்தார்கள்.

ஏலம் நடக்கும் விதம்

ஏலம் என்றதும் நமக்குக் காசிமேடு மீன் ஏலம் நினைவுக்கு வரும். விடிவதற்கு முன் கூடையைச் சுற்றி நின்று ஆளுக்கொரு விலை கூவ, அதிகம் கேட்டவர் தான் கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துப்போவார். அடுத்த கூடைக்கு வேறு விலை. சிஓஇ ஏலம் அப்படி இல்லை.

மாதம் இரண்டு முறை, திங்கள் நண்பகலில் தொடங்கி புதன் மாலை 4 மணிக்கு முடியும். எல்லாம் கணினி வழி. ஒவ்வொருவரும் தான் அதிகபட்சம் எவ்வளவு தரத் தயார் என்று பதிவு செய்வார். பிறகு அந்தத் தொகையை உயர்த்தலாம், குறைக்க முடியாது. கார்களுக்கு முன்பணம் 10,000 வெள்ளி.

விலை நிற்கும் இடத்தைச் சின்னக் கணக்கில் பார்ப்போம். ஐந்து சான்றிதழ், எட்டுப் பேர். அவர்கள் கேட்டது: 1,10,000, 1,08,000, 1,05,000, 1,02,000, 1,00,000, 98,000, 95,000, 90,000.

1. முதல் ஐந்து பேருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது.
2. கிடைக்காதவர்களில் அதிகம் கேட்டவர் 98,000 சொன்னவர்.
3. அதற்கு மேல் ஒரு வெள்ளி சேர்த்து 98,001 என்பதே விலை.
4. 1,10,000 சொன்னவரும் 98,001தான் கட்டுவார், 1,00,000 சொன்னவரும் அதையேதான் கட்டுவார்.

ஏல முடிவுகளில் 1,50,001 போன்ற எண்கள் வருவது இதனால்தான். யாரோ ஒருவர் சரியாக 1,50,000 கேட்டுத் தோற்றிருக்கிறார் என்பது அந்த ஒற்றை வெள்ளியில் தெரிகிறது.

வெற்றி பெற்றவர் தான் சொன்ன முழுத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை என்பதால் கூடுதலாகச் சொல்லிவைக்கும் தைரியம் வருகிறது. ஏலம் கேட்பவர்களில் பெரும்பாலோர் கார் விற்பனையாளர்கள். வாடிக்கையாளரிடம் முன்பதிவு வாங்கியாகிவிட்டது. சான்றிதழ் கிடைக்காவிட்டால் வியாபாரம் தள்ளிப்போகும். ஆகவே தாராளமாகக் கேட்பார்கள். இருபது பேர் இப்படிச் செய்தால் ஒன்றுமில்லை. எல்லோரும் செய்யும்போது கடைசியில் தோற்றவரின் விலையே உயர்ந்துவிடுகிறது.

ஐந்து பிரிவுகள்

1. ஏ பிரிவு: 1,600 சிசி வரை உள்ள, 97 கிலோவாட் திறனைத் தாண்டாத கார்கள். முழு மின்சாரக் கார் என்றால் 110 கிலோவாட் வரை.
2. பி பிரிவு: இந்த வரம்பைத் தாண்டிய கார்கள்.
3. சி பிரிவு: சரக்கு வண்டிகளும் பேருந்துகளும்.
4. டி பிரிவு: மோட்டார் சைக்கிள்கள்.
5. இ பிரிவு: பொதுப் பிரிவு. மோட்டார் சைக்கிள் தவிர எந்த வண்டிக்கும் பயன்படுத்தலாம்.

2023 அக்டோபர் 18 அன்று வந்த முடிவுகளை எடுத்துக்கொள்வோம். ஏ பிரிவு 1,06,000 வெள்ளி (சுமார் 69 லட்சம் ரூபாய்). பி பிரிவு 1,50,001 (97 லட்சத்துக்கு மேல்). பொதுப் பிரிவு 1,58,004 (ஒரு கோடியைத் தாண்டி). சி பிரிவு 80,000க்கு மேல், டி பிரிவு 10,000க்கு மேல்.

பொதுப் பிரிவு பி பிரிவையும் தாண்டி நிற்பதைக் கவனியுங்கள். எதற்கும் பயன்படும் சான்றிதழைச் சின்னக் காருக்கு யாரும் வீணாக்க மாட்டார்கள். அது பெரும்பாலும் பெரிய கார்களுக்கே போகிறது. மேலும் வண்டியைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்ற வசதி விற்பனையாளருக்குக் கிடைக்கிறது, அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. ஆக, பெயரில் பொது என்றாலும் நடைமுறையில் இ என்பது பி பிரிவின் நிழல்.

ஏ, பி நடுவே உள்ள வேலி

பிரிவுகள் வைத்ததன் நோக்கம் நியாயமானது. ஒரே வரிசையில் எல்லோரையும் நிறுத்தினால் ஆடம்பரக் கார் வாங்குபவர் எப்போதும் ஜெயிப்பார். சம்பளக்காரர்கள் தங்களுக்குள் போட்டியிட ஒரு தனி வரிசை வேண்டும். அதுதான் ஏ பிரிவு.

அந்த வரிசைக்கு வேலியாக முதலில் எஞ்சின் கொள்ளளவை மட்டும் வைத்தார்கள். பிறகு டர்போ தொழில்நுட்பம் வந்தது. பெரிய ஐரோப்பிய நிறுவனங்கள் 1,600 சிசிக்குள்ளேயே வலுவான எஞ்சின்களைக் கொண்டுவந்து, சொகுசுக் கார்களைச் சின்னக் கார் வரிசையில் நிறுத்தின. எனவே 2014 பிப்ரவரியில் 97 கிலோவாட் என்ற திறன் வரம்பும் சேர்ந்தது. அதற்கும் வழி கண்டார்கள்: எஞ்சினின் திறனைக் குறைத்து, அதே சொகுசுடன் வரம்புக்குள் கொண்டுவந்தார்கள்.

மின்சாரக் கார்களில் இது இன்னும் எளிது. மோட்டாரின் திறனை மென்பொருளிலேயே கட்டுப்படுத்தலாம். 2022 மே முதல் மின்சாரக் காருக்கு 110 கிலோவாட் வரம்பு வந்தது. அப்புறம் பிஒய்டி நிறுவனத்தின் ஆட்டோ 3 காருக்கு 100 கிலோவாட் வடிவம் வந்தது. டெஸ்லா, மாடல் 3 காரைச் சரியாக 110 கிலோவாட்டில் சிங்கப்பூருக்கென்றே விற்றது. பி பிரிவுக்குப் போயிருக்க வேண்டிய தேவை இப்படி ஏ பிரிவில் வந்து குவிந்தது.

விளைவு எண்ணில் தெரிகிறது. 2023 அக்டோபரில் ஏ, பி இடைவெளி 44,000 வெள்ளி. 2025 அக்டோபரில் ஏ பிரிவு 1,28,000 வெள்ளியைத் தாண்டிப் புது உச்சம் தொட்டபோது, பி பிரிவு 1,41,000 அளவிலேயே இருந்தது. இடைவெளி 13,000க்குள் சுருங்கிவிட்டது. வாடகைக் கார் நிறுவனங்களும் இதே வரிசையில் நிற்பதால், ஒரு குடும்பம் தன் ஒரே காருக்காக ஒரு பெரிய நிறுவனத்தோடு ஏலம் கேட்கிறது. வேலியைக் காரின் இறக்குமதி அடக்க விலையை வைத்துப் போட வேண்டும் என்ற வாதம் அங்கே நீண்ட காலமாக இருக்கிறது. எனக்கு அந்த வாதத்தில் வலு இருப்பதாகவே படுகிறது. திறனைக் குறைத்துக் காட்டுவது போல் அடக்க விலையைக் குறைத்துக் காட்டுவது எளிதல்ல.

டி பிரிவு: சின்ன எண், பெரிய சுமை

பத்தாயிரம் வெள்ளி என்பது கார் விலைகளுக்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். 2022 கடைசியில் டி பிரிவு 13,000 வெள்ளியைத் தாண்டியது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களில் உணவு கொண்டுசேர்ப்பவர்களும், பேருந்து ஓடாத நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியின் விலையைவிட அதை வைத்துக்கொள்ளும் உரிமை அதிகம் என்ற நிலை அவர்களுக்கு வந்தது. தேவையற்ற ஏலத்தைக் குறைக்க முன்பணத்தை உயர்த்தினார்கள். சான்றிதழைப் பயன்படுத்தாமல் கையில் வைத்திருக்கும் காலத்தையும் குறைத்தார்கள். தேவையில்லாமல் ஏலம் கேட்டு வைத்திருந்தவர்கள் ஓரளவு விலகினார்கள்.

காரின் முழு விலை

இறக்குமதி அடக்க விலை 20,000 வெள்ளி உள்ள ஒரு ஏ பிரிவுக் காரைப் பார்ப்போம் (சான்றிதழ் 1,00,000 என்று வைத்து):

1. அடக்க விலை: 20,000
2. கலால் வரி 20 சதவீதம்: 4,000
3. ஜிஎஸ்டி 9 சதவீதம்: 2,160
4. பதிவுக் கட்டணம்: 350
5. கூடுதல் பதிவுக் கட்டணம், அடக்க விலையில் 100 சதவீதம்: 20,000
6. சான்றிதழ்: 1,00,000

மொத்தம் 1,46,510 வெள்ளி, நம் பணத்தில் 95 லட்சத்துக்கு மேல். புகையளவை ஒட்டிய தள்ளுபடியோ கூடுதல் கட்டணமோ இதில் சேரவில்லை, விற்பனையாளரின் லாபமும் சேரவில்லை. இதில் கார் என்ற பொருளின் விலை ஏழில் ஒரு பங்குதான். கூடுதல் பதிவுக் கட்டணம் மேலே போகப்போகக் கூடும்: அடக்க விலையில் 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு 320 சதவீதம். வசதியானவரிடம் அதிகம் வாங்கும் வேலையை இந்த வரி செய்கிறது. சான்றிதழ் அதைச் செய்வதில்லை. ஒரே பிரிவில் எல்லோருக்கும் ஒரே விலை.

ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் சாலை வரி காருக்கு 12 முதல் 20 சதவீதம் வரை. 9 லட்சம் ரூபாய் காருக்கு 13 சதவீதம், அதாவது 1,17,000 ரூபாய். ஆர்டிஓ ஆபீஸில் அதைக் கட்டிவிட்டால் எண்ணிக்கைக்கு எந்த வரம்பும் இல்லை.

சென்னைக்கு இது பொருந்துமா?

மேற்கு மாம்பலத்தின் ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் இரவு பத்து மணிக்கு நடந்து பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க உறை போட்ட கார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு வரிசை பைக். மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் யாராவது ஓடிவந்து பைக்குகளை நகர்த்த வேண்டும். அந்தத் தெருவில் கார் நிற்கும் இடத்துக்கு யாரும் எதுவும் கட்டவில்லை. நடப்பவருக்கு மட்டும் இடமில்லை. ஆக, பிரச்சினை உண்மையானது. ஆனால் சான்றிதழ் ஏலத்தை அப்படியே இங்கே கொண்டுவருவதில் மூன்று பெரிய தடைகள் உள்ளன.

1. எல்லை. சிங்கப்பூர் தீவு, மலேசியாவிலிருந்து சாலை வழியாக வர இரண்டே வழிகள், இரண்டிலும் சோதனை. சென்னையில் ஏலம் வைத்தால் செங்கல்பட்டிலோ வேலூரிலோ வண்டியைப் பதிவு செய்துகொண்டு வருவார்கள். குறைந்த வரிக்காகப் புதுச்சேரி எண்ணோடு ஓடும் கார்களை இன்றைக்கே ஈசிஆரில் பார்க்கலாம்.
2. இரு சக்கர வண்டி. இங்குள்ள வண்டிகளில் பெரும்பங்கு இவைதான். டி பிரிவில் அங்கே நடந்தது இங்கே நடந்தால், அடி விழுவது நெரிசலுக்கு அதிகம் காரணமான காருக்கு அல்ல, கொத்தனாருக்கும் டெலிவரி பையனுக்கும்.
3. மாற்று வழி. கார் வேண்டாம் என்று சொல்லும் அரசு பேருந்தையும் ரயிலையும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அறுபது லட்சம் பேர் உள்ள சிங்கப்பூரில் ஓடும் பொதுப் பேருந்துகள் 5,000க்கு மேல். அதைவிட அதிக மக்கள் உள்ள பெருநகரத்துக்கு நம் மாநகரப் போக்குவரத்துக் கழகம் (எம்டிசி) 3,000 சொச்சம் பேருந்துகளை வைத்துச் சமாளிக்கிறது. 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டம் முழுதாக ஓடத் தொடங்கினால் இந்த வாதம் மாறலாம்.

ஏலத்துக்குச் சாதகமான ஒரு பாடமும் நம் நாட்டிலேயே உண்டு. டெல்லியில் 1997 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆட்டோக்களின் எண்ணிக்கை முடக்கப்பட்டது. ஏலம் கிடையாது, எனவே பர்மிட்டுக்கு அதிகாரபூர்வ விலையும் கிடையாது. ஆனால் பஞ்சத்தின் விலை எங்கும் போய்விடவில்லை. பர்மிட்டோடு சேர்ந்த ஆட்டோவின் விலை ஷோரூம் விலையைப் போல் பல மடங்கானது. அந்தப் பணம் பைனான்ஸ்காரருக்கும் தரகருக்கும் போனது, ஓட்டுநர் கடனாளியானார். எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் விலை கட்டாயம் பிறக்கும். ஏலம் விட்டால் அது கஜானாவுக்குப் போகும், விடாவிட்டால் இடையில் நிற்பவருக்குப் போகும்.

சென்னையில் இப்போது பேச்சில் இருப்பது வேறு வழி. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவின் வாகன நிறுத்தக் கொள்கையில், கார் பதிவுக்கு நிறுத்துமிடச் சான்று கேட்கும் யோசனை உள்ளது. ஜப்பானில் 1960களிலிருந்தே இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இதில் விலை தெருவின் இடத்துக்கு, வண்டியின் எண்ணிக்கைக்கு அல்ல. மாம்பலத்துத் தெருவுக்கு இதுவே நேரடி மருந்து என்று நினைக்கிறேன். போலிச் சான்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் கடினமான பகுதி.

அடுத்த ஏல முடிவைப் படிக்கும்போது

சிங்கப்பூரில் புதன் மாலை 4 மணி என்பது நமக்குப் பகல் 1.30. அதன் பிறகு வரும் எண்களில் கவனிக்க வேண்டியவை:

1. ஏ, பி இடைவெளி. அது சுருங்கினால் வேலி வேலை செய்யவில்லை என்று பொருள்.
2. எத்தனை சான்றிதழுக்கு எத்தனை பேர் கேட்டார்கள். விலை உயர்ந்தது ஆட்கள் கூடியதாலா, எண்ணிக்கை குறைந்ததாலா என்பது இதில் தெரியும்.
3. பணச் சூழல். 2013 பிப்ரவரியில் கார் கடனுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, எண்ணிக்கை மாறாமலே விலை இறங்கியது. உலகப் பொருளாதாரம் சரிந்த 2008 நவம்பரில் ஏ பிரிவுச் சான்றிதழ் வெறும் 2 வெள்ளிக்குப் போனது. அன்று அதை எடுத்தவர், அதே பத்து ஆண்டுக்கு, இன்றைக்கு ஒருவர் லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கும் அதே உரிமையைத்தான் வாங்கினார்.